கேப்டனின் முதுகுவலி

ஈராக்கிலிருந்து வந்திறங்கியவர்களை நேரே வீட்டுக்கு அனுப்பிவிட ராணுவத்துக்கு என்ன பைத்தியமா? முதலில் டெக்சாஸ் முகாமில் ஒரு தகரக் கொட்டகையில் அடைத்து, மேசை மேசையாக உருட்டி, பல்லைப் பார்த்து, கண்ணைப் பார்த்து, கொடுத்த தலைக்கவசத்தையும் பிடுங்கிக்கொண்ட பிறகுதான் விடுவார்கள். நடுவே எவனாவது பெரிய அதிகாரி வந்து, சேவைக்கு நன்றி என்று ஒப்பித்துவிட்டுப் போவான்.

சார்ஜென்ட் வெர்லின் குபிச்செக்குக்கு அந்த நன்றி இடது காதில் மட்டும்தான் விழுந்தது. ஈராக்கில் முகாம் வாசலில் ராக்கெட் வெடித்த நாளிலிருந்து வலது காதில் கொய்ங் என்ற சத்தத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. இவர்களெல்லாம் போர் வந்தால் மட்டும் கூப்பிடப்படும் பகுதிநேரச் சிப்பாய்கள். ஊரில், நெப்ராஸ்காவில், அவன் பிழைப்பு சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுவது. செவிடன் கையில் எவன் லாரியைக் கொடுப்பான்? வேலை போனால் ராணுவம்தான் ஈடு தரவேண்டும். அதற்குக் காது போனது இங்கேயே பதிவாக வேண்டும்.

கேப்டன் தாயர் ஒரு பெட்டிமேல் ஏறி நின்றான். ஊரில் அவன் காப்பீட்டுப் பாலிசி விற்கிறவன். இங்கே தோளில் பட்டை வைத்துக்கொண்டு அதே வாயைத்தான் விற்றான்.

"மருத்துவ மேசையில என்ன கேட்டாலும் ஒரே பதில்தான். இல்லை! எவனாவது ஆமான்னு சொன்னீங்க, வைத்தியம்னு பிடிச்சு வச்சுக்குவாங்க. கிறிஸ்துமஸுக்கும் இந்தக் கொட்டகைதான். பஸ் வெளியில நிக்குது, பாத்துக்கங்க."

எல்லாரும் ஆடுகளைப் போலத் தலையாட்டினார்கள். குப்பை எரிக்கும் குழியருகே ஒரு வருஷம் காவல் நின்ற ட்வைலா பின்னாலிருந்து இருமினாள்.

"இருமல் இருக்கான்னு கேட்டா, இருமிக்கிட்டே இல்லைன்னுடுவேன். நீ என்னய்யா யோசிக்கிற சார்ஜென்ட்? வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு. எங்களையும் சேத்து மாட்டி விட்டுடாத."

வெர்லின் அவர்களையெல்லாம் மனசுக்குள் காறித் துப்பினான். கோழைப் பசங்க! ஆனால் மருத்துவ மேசையில் எழுதிக்கொண்டிருந்த சிப்பாய் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "காதுல ஏதும் தொந்தரவு?" என்று கேட்டபோது, வெளியே பஸ் உறுமியது. ஊர்ப் பள்ளிக்கூட ஹாலில் வரவேற்கக் காத்திருக்கும் மனைவி ஜோனெல்லின் முகம் கண்முன் வந்தது. வீராதி வீரன் வாயிலிருந்து "இல்லை" என்றுதான் வந்தது. கையெழுத்தும் போட்டுவிட்டான். தூ, நானும் ஒரு மனுஷன்!

பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் கட்டும்போது, திரைக்குப் பின்னாலிருந்து கேப்டனின் குரல் நல்ல காதில் விழுந்தது.

"முதுகுவலி, எழுதிக்க. தூக்கம் வரல, எழுதிக்க. முட்டி ரெண்டும். காதும்தான். வைத்தியம் ஊர்லயே பாத்துக்கறேன்னு ஒரு வரி போட்டுடு."

"அப்ப நீங்க இன்னிக்கே போகலாம் சார்."

அடப்பாவி! வெர்லின் ஒரே எட்டில் மேசைக்குத் திரும்பினான். "என்னோடதை மாத்து."

"கையெழுத்துப் போட்டாச்சே. மாத்தணும்னா நாளைக்கு மொதல் மேசையிலேருந்து வரணும். இன்னிக்கு பஸ் கிடையாது."

வெர்லின் பஸ் படியில் ஏறி நின்று கத்தினான். "எழுதிக்கிட்டு வீட்டுக்கும் விடறாங்கடா! வைத்தியம் ஊர்லன்னு சொன்னாப் போதும். இந்தாளு அத்தனையும் எழுதி வாங்கிட்டு வந்திருக்கான். கேட்டுப் பாருங்க!"

முன் இருக்கையில் கேப்டன் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்தான். ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. "உக்காருய்யா, விமானம் போயிடும்" என்று எவனோ எரிந்து விழுந்தான். அப்படியே ஏய்த்தவனைக் கும்பிடு போட்டுக் கூட்டிப் போங்கள், உங்களுக்கெல்லாம் அதுதான் லாயக்கு!

"ஏறு சார்ஜென்ட், நேரமாச்சு" என்றான் கேப்டன்.

வெர்லின் வலது காதைக் காட்டினான். "இந்தப் பக்கம் கேக்காது. நாளைக்கு எழுதி வைக்கிறேன், படிச்சுக்கங்க."

அவன் மூட்டையோடு இறங்கினான். பஸ் கிளம்பியது. ஜோனெல்லுக்கு என்ன சொல்வது என்று போனை எடுத்து வைத்துக்கொண்டு நின்றான். முகாம் வாசலருகே போன பஸ் நின்றது. கதவு திறந்து ட்வைலா மட்டும் மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நாசமாப் போறவனே, என் மகன் அங்க ஹால்ல வரவேற்பு அட்டை எழுதிப் பிடிச்சுக்கிட்டு நிப்பான்டா. உன்னால..."

மீதித் திட்டை இருமல் விழுங்கியது. குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினாள். வெர்லின் அவள் மூட்டையையும் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு நடந்தான்.