இரண்டாம் ஊசிக்கு அழைக்கும் அக்கா

தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, வரவேற்பறைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடி, "இன்ஷூரன்ஸ்லேர்ந்து பேசறேங்க" என்கிறார் போன் அக்கா. போனை எடுத்தது தேடும் ஆள் இல்லாமல் வீட்டில் வேறு யாராவதாக இருந்தால் அவர் சொல்லும் ஒரே பொய் இது. இன்ஷூரன்ஸ் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

கருத்தரிப்பு மருத்துவமனையில் அவர் வேலை, விந்து தானம் கொடுத்துவிட்டுக் கம்பி நீட்டியவர்களை இன்னொரு ரத்தப் பரிசோதனைக்கு வரவழைப்பது. கொடுத்தது பல மாதம் உறைநிலையில் பூட்டிக் கிடக்கும். இரண்டாவது ரத்தமும் சுத்தம் என்றால்தான் பூட்டு திறக்கும். "கிருமி உள்ள வந்த உடனே ரத்தத்துல தெரியாதுங்க. ஒளிஞ்சிருந்து மெல்லத்தான் தலை காட்டும்" என்று கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொல்வார். வீட்டிலும் இப்படித்தான், கழுவிய தட்டையே மறுபடி கழுவுகிறாள் என்று கணவர் அலுத்துக்கொள்கிறார்.

கொஞ்சுவார், மிரட்டுவார், சமயத்தில் அழவும் செய்வார். "என் மாமியார் வீட்டுலகூட இத்தனை தடவை கூப்பிட்டதில்லை" என்று ஒருவர் சொன்னதை விருது வாங்கியதுபோல் சொல்லித் திரிகிறார். அடிக்கும் போனைச் சாப்பிட்ட கையோடாவது எடுத்துவிடுவார். விட்டால் ஆள் நழுவிவிடுவாராம்.

சில வாரங்களாக அவர் துரத்தியது ஒரு லாரி ஓட்டுநரை. அவர் கொடுத்ததுதான் ஒரு தையல் ஆசிரியைக்கு எல்லா வகையிலும் பொருந்தியிருந்தது. ஆசிரியைக்கோ வயது ஏறிக்கொண்டிருக்கிறது. இனி ஒரு தடவைதான் முயலலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "முதல் டெஸ்ட்தான் சரியா இருக்கே, அதையே வச்சுப் பண்ணிடுங்களேன்" என்று கெஞ்சியவரிடம் அக்கா மசியவில்லை. அன்று முழுக்க ஆசிரியையின் முகத்தைப் பார்க்கவும் அவருக்குத் தெம்பில்லை.

நேற்று ஓட்டுநர் தானாகவே வந்து நின்றார், உடம்பெல்லாம் இளைத்து. நடுவில் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டாராம். கல்லீரலைத் தாக்கும் கிருமி ரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். வெட்கத்தில்தான் போனை எடுக்கவில்லையாம்.

"என்னோடதை யாருக்காவது குடுத்துட்டீங்களா?"

"இல்லைங்க. நீங்க வரட்டும்னுதான் பூட்டி வச்சிருக்கோம்."

ஓட்டுநர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அக்காவுக்கும் பெரிய நிம்மதிதான். ஆனால் வாசலைத் திரும்பிப் பார்க்கும்வரைதான் அது நிலைத்தது. அங்கே பெஞ்சில் தையல் ஆசிரியை உட்கார்ந்திருந்தார். வெளியேறிய ஓட்டுநருக்கு, யாரென்று தெரியாமலே, காலை ஒதுக்கி வழிவிட்டார்.

அக்கா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் போன் அடித்தது. யாரென்றுகூடப் பார்க்காமல் அதை அணைத்துவிட்டு, ஆசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டார்.