ஏரியல் பிடித்தவர்

எதிர்வீட்டுக் கயல்விழி ஏதோ கண்காட்சி வைத்திருக்கிறேன் என்று போன வாரம் என்னைக் காரில் அழைத்துப் போனாள். எதிர்வீடு என்றால் இப்போது இல்லை. புசா ரோடு பக்கம் எங்கள் ஜுக்கிக் குடிசை இருந்த காலத்தில். பாதி வழியில்தான் சொன்னாள்: "நம்ம சந்துல இருந்த கிறுக்குங்களைப் பத்தி அத்தை. மாமாவும் இருக்காரு."

மாமா என்றால் காலமாகிவிட்ட என் வீட்டுக்காரர். எனக்குச் சுருக்கென்றது. சாணக்யபுரி பங்களாக்களில் வேலை பார்த்தும் ஒருவரிடம் ஒரு சொல் வாங்காதவள் நான். அவரை நாலு பேர் பார்த்துச் சிரிக்கவா என்னைக் கூட்டிப் போகிறாள்?

கண்காட்சி ஹாலுக்குள் ஒரு பழைய டிவி. அது சூடானால் தூசியை வறுத்தது போல் ஒரு வாசம் வருமே, அது வந்ததும் பாதிக் கோபம் போய்விட்டது.

எங்கள் சந்துக்கே ஒரு டிவிதான். ஞாயிறு சாயங்காலம் இந்திப் படம். ஏரியல் கம்பியை யாராவது பிடித்தால்தான் படம் அலையாமல் நிற்கும். அதிலும் இவர் பிடித்தால் நன்றாக நிற்கும். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். டிவி இருந்த வீட்டு மாடியில் ஏறிவிடுவார். "வந்துருச்சு, அசையாதய்யா" என்று கீழிருந்து கத்துவோம். குளிரானாலும் கொக்கு மாதிரி நிற்பார். ஒரு படமும் பார்த்ததில்லை. இறங்கி வந்தபின் ரொட்டி சுட்டுக்கொண்டே நான்தான் கதை சொல்வேன். என் இந்தி அரைகுறை, அதனால் பாதி என் சொந்தக் கதை. கதாநாயகி செத்தால் அவருக்கு ரொட்டி இறங்காது, பிழைக்க வைத்துவிடுவேன். பிறகு நாங்களே டிவி வாங்கி, அதில் ஒரு பழைய படத்தை முழுக்கப் பார்த்துவிட்டு, "நீ சொன்ன படமே தேவலை" என்றார்.

எங்கே விட்டேன்? அந்த ஹால். டிவியில் வெறும் புள்ளியும் இரைச்சலும். அதற்குப் பின்னால் சின்ன மேடை, மேடையில் ஏரியல். "ஏறிப் பிடிங்க அத்தை" என்றாள் கயல். பிடித்தேன். "ஆ கயா" என்றார்கள் முன்னால் நின்றவர்கள், வந்துருச்சாம். எனக்கு டிவியின் முதுகுதான் தெரிந்தது.

"என்னடி வருது?"

"மாமாதான். எங்க அக்கா கல்யாண வீடியோ. ஜிலேபி திங்கிறாரு, மீசையெல்லாம் பாகு."

எல்லோரும் சிரித்தார்கள். காது கொடுத்துக் கேட்டேன். கேலி இல்லை, அன்றைக்குக் கீழே உட்கார்ந்து நாங்கள் சிரித்த சிரிப்புதான்.

"நான் பிடிக்கிறேன், நீங்க வந்து பாருங்க."

"இருடி, அசைஞ்சா போயிடும். நீ சொல்லு."

அந்தச் சந்து இருந்த இடத்தில் இப்போது மெட்ரோ தூண் நிற்கிறது. வீட்டில் பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு போனில் படம் பார்க்கிறார்கள். பளிச்சென்று வருகிறது, யாரும் எதையும் பிடிக்க வேண்டியதில்லை. முடிந்ததும் யாரும் யாருக்கும் கதை சொல்வதுமில்லை.