மூக்கர் சாயங்காலம் போகாத நாள்

என் வீட்டுக்காரர் மாணவர் விடுதியில் வார்டன். பையன்கள் அவருக்கு வைத்த பெயர் மூக்கர். எவன் எந்த மூலையில் சிகரெட் பற்றவைத்தாலும் இவருக்கு மூக்கில் வியர்த்துவிடும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

அந்த மூக்கின் லட்சணம் எனக்கல்லவா தெரியும்? கல்யாணமான புதிதில் வந்த ஒரு காய்ச்சலோடு வாசனை தெரிவதே நின்றுவிட்டது. பால் அடிப்பிடித்து வீடே நாறினாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

ஆனாலும் சாயங்காலம் ஆனால் அறை அறையாகக் கிளம்பிவிடுவார். கட்டிலில் உட்கார்ந்து நீளமாக ஒரு மூச்சு இழுப்பார். பிறகு வாயே திறக்கமாட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் இருக்குமா? ஒரே ஒரு இழுப்புதான் சார் என்று பையனே ஆரம்பித்து, வீட்டு நினைப்பு, பரீட்சை பயம், தூக்கம் வராதது என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சிகரெட் பெட்டியை வாங்கிக்கொண்டு, மறுநாள் அவனைப் பந்து விளையாட இழுத்துப் போவார். பெரிய துப்பறிவாளர் என்ற நினைப்பு வேறு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

ஒரு நாள் சாயம் வெளுத்தது. விடுதிச் சமையலறையில் சோறு தீய்ந்து, பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அங்கே வந்த இவர், மூடியிருந்த அண்டாவுக்குப் பக்கத்தில் போய் ஒரு மூச்சு இழுத்து, "இன்னைக்கு வாசனையே ஆளைத் தூக்குதே" என்று சமையல்காரரைப் பாராட்டினார். சிரிப்புச் சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது.

அன்று சாயங்காலம் மனிதர் வெளியே போகவில்லை.

"இனிமே எவன் என்கிட்ட வாயத் திறப்பான்? மறைச்சு மறைச்சு உடம்பைக் கெடுத்துக்குவானுங்க" என்றார்.

கிண்டல் பண்ண நினைத்த எனக்கே பாவமாக இருந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. விடுதியில் புதிதாகச் சேர்ந்த ஒல்லிக்குச்சிப் பையன் நின்றான்.

"ஏன் சார் இன்னைக்கு என் ரூமுக்கு வரல?"

"வந்து என்னடா பண்றது? அதான் என் மூக்கோட கதை எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே."

"மூக்கு கிடக்கட்டும் சார். நீங்க வந்து உக்காருங்க."

இவர் செருப்பைத் தேடினார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

கட்டிலில் உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் நீளமாக ஒரு மூச்சு இழுத்தாராம். ஒல்லிக்குச்சி சிரிக்கவில்லையாம். தலையணைக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தானாம்.