கெய்ரோவில் குதிரை வைத்திருப்பவர்

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் நேரம் பார்த்துத்தான் ஜீவராஜ் மடுவக் கொட்டகைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். இரத்தோட்டைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் ஃபோனுக்குச் சிக்னல் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான் என்பது அவர் சொல்லும் காரணம். குடியிருப்பு வரிசையான லயத்து வாசலிலேயே சிக்னல் நன்றாக இருக்கிறது என்பது அங்கே கோலி விளையாடும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் லயத்து வாசலில் பார்ப்பதற்கு ஆள் இல்லை. மடுவத்தில் காலை பத்து மணிக்கு முப்பது பெண்கள் கூடையோடு நிற்பார்கள். கெய்ரோவில் அப்போது ஏழரை.

வீடியோவில் முதலில் ஒரு சுவர் தெரியும். பிறகு குதிரைக் கொட்டிலைப் பார்த்துக்கொள்ளும் எகிப்தியனின் மூக்கு. அதற்குப் பிறகு ஒரு குதிரையின் காது. காதைக் கண்டதும் ஜீவராஜ் உதட்டைக் குவித்துக் கொஞ்சத் தொடங்குவார். "நூரா, இங்க பாரு, யாரு வந்திருக்கான்னு பாரு."

"என்ன தம்பி, அது பதில் சொல்லுதா?" என்று கூடையை இறக்கியபடி ஒரு பெண் கேட்பாள்.

"அதுக்கு நம்ம பாஷை வெளங்கும்."

"எங்க வீட்டு மனுசனுக்கு இன்னும் வெளங்கல. அடுத்த முறை போறப்ப அவரையும் கூட்டிக்கிட்டுப் போயி பழக்கிவிடுங்க."

மடுவம் முழுக்கச் சிரிக்கும். ஜீவராஜ் சிரிக்கமாட்டார். குதிரையைப் பற்றிய பேச்சில் சிரிப்பது அவருக்குப் பிடிக்காது. படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, கேட்டவளுக்கும் கேட்காதவளுக்கும் காட்டிவிட்டுத்தான் ஃபோனைப் பைக்குள் போடுவார்.

அவருக்கு வயது முப்பத்தொன்பது. எட்டு வருடமாகக் கெய்ரோவுக்கு வெளியே ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. அங்கே அவர் நாற்பது தையல் மெஷின்களுக்குப் பொறுப்பான சுப்பர்வைசர். விமானம் கட்டுநாயக்காவில் இறங்கியதும் மெனேஜர். பஸ் மாத்தளையைத் தாண்டி இரத்தோட்டை ரோட்டில் திரும்பும்போது தொழிற்சாலையே ஏறக்குறைய அவருடையது. இவ்வளவு சீரான பதவி உயர்வு எந்தக் கம்பனியிலும் கிடைக்காது.

லீவில் வரும்போது முழங்கால் வரை ஏறும் பழுப்பு நிறச் சப்பாத்து ஒரு சோடி கூடவே வரும். குதிரை வராவிட்டாலும் சப்பாத்து வரும். கோயிலுக்குள் போகும்போதும் படுக்கும்போதும் மட்டுமே அது கழலும். அதைப் போட்டுக்கொண்டு இரத்தோட்டைக் கடைத்தெருவில் கருவாடு வாங்குவார். சவரக் கடையில் கால்மேல் கால் போட்டு உட்காருவார். ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் போனபோது அட்டைக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது என்று எல்லோருக்கும் விளக்கினார். திரும்பி வந்து சப்பாத்தை இழுத்துக் கழற்றியபோது உள்ளேயிருந்து மூன்று அட்டைகள் விழுந்தன. அவருடைய அக்காள் கணவர் மாடசாமி ஆட்டோ ஓட்டுகிறவர்; வாய்க்குப் பூட்டு இல்லாதவர். "பாவம் மச்சான் அதுங்க," என்றார். "ஏறுறதுக்கு வழி தெரிஞ்சிருக்கு. எறங்கத் தெரியல."

பேச்சில் அரபியைத் தூவிக்கொள்வது இன்னொரு பழக்கம். கோழியை விரட்ட 'யல்லா'. ஆட்டோவைக் கிளப்பச் சொல்ல 'யல்லா'. போன வாரம் கோயில் பூசாரி தீபாராதனைக்குத் தாமதித்தபோதும் ஒரு 'யல்லா' வாய்வரை வந்து நின்றது.

அவர் சொல்லும் கெய்ரோவில் ஒரே ஒரு குதிரைதான் இருக்கிறது. அது மினிபஸ்களுக்கும் லொறிகளுக்கும் நடுவே கழுத்தை வளைத்து நடக்கும். பொலிஸ்காரன் கையை உயர்த்தி மற்ற வாகனங்களை நிறுத்துவான். பால்கனிகளில் சனம் கூடும். இவை எல்லாம் மடுவத்துக்கான செய்திகள். உண்மையான கெய்ரோவில் வெள்ளிக்கிழமை காலையில் அவர் சப்பாத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, மினிபஸ்ஸில் பன்னிரண்டு பேரோடு இடிபட்டு, ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து, பிரமிட்டுகளுக்குப் பின்பக்கம் ஒரு கால்வாய்க் கரையில் இறங்குவார். அந்தக் கரையில் குப்பை எடுப்பவனுக்குக் குதிரை இருக்கிறது. தக்காளி விற்பவனுக்கும் இருக்கிறது. எல்லாப் பக்கமும் ஹோர்ன் அலறும். செத்த நாய் ஒன்று தண்ணீரில் மிதக்கும். ஆட்டோக்காரன் பாட்டை உச்சத்தில் வைத்துக் குதிரையின் வாலை உரசிக்கொண்டு போவான். தலையில் ரொட்டித் தட்டை ஏந்தி ஒற்றைக் கையால் சைக்கிள் ஓட்டுகிறவன் ஜீவராஜையும் நூராவையும் முந்திப் போகும்போது திரும்பியும் பார்ப்பதில்லை. ஒருவரும் பார்ப்பதில்லை. குதிரை வாங்கி ஐந்து வருடமாகிறது. அந்த ஐந்து வருடக் கவனிப்பின்மைக்குத்தான் மடுவத்துப் பெண்கள் வருடத்துக்கு மூன்று வாரம் ஈடு செய்துகொண்டிருக்கிறார்கள்.

நூரா அசல் அரபிக் குதிரை என்பார். அதுவும் லீவுக்கு வரும்போது மட்டும்தான்.

ஒன்றை மட்டும் மறுக்க முடியாது. அவர் குதிரையில் நன்றாகவே உட்காருவார். கால்வாயைத் தாண்டி மணல் தொடங்கும் இடத்தில் சத்தமெல்லாம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அங்கே ஒரு மணி நேரம் அவர் நூராவிடம் தோட்டத்துத் தமிழில் பேசிக்கொண்டே போவார். வாரத்தில் அவர் தமிழ் பேசுவது அந்த ஒரு மணி நேரம்தான். மெஷின்கள், புதிய மெனேஜர், ஏழாம் மாடிக்கு வேலை செய்யாத லிஃப்ட் எல்லாவற்றையும் பற்றிக் கேட்பதற்கு அங்கே அவருக்கு வேறு யாரும் இல்லை. இதை அவர் மடுவத்தில் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவரைப் பற்றிக் கொஞ்சம் நல்லபடியாகவே எழுதியிருக்கலாம்.

கலியாணம்தான் அமையவில்லை. இதற்கு முன் இரண்டு இடம் வந்தது. இரண்டு வீட்டாரும் வேன் பிடித்து லயத்துக்கு வந்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், கூரைத் தகரத்தை அண்ணாந்து பார்த்தார்கள், போனார்கள். பதில் வரவில்லை. இந்த ஆவணியில் மூன்றாவதாக மாத்தளை டவுனிலிருந்து ஓர் இடம். இரும்புக் கடை அழகமுத்துவின் மகள் ரஜிதா, பிரதேச செயலகத்தில் வேலை. இதுவும் தட்டிப்போனால் தம்பி இனி ஊருக்கே வரமாட்டான் என்று அக்கா புஷ்பவதிக்குப் பயம். ஜீவராஜுக்கும் அதே பயம்தான். வெளியே சொல்வதில்லை.

"இந்த முறை லயத்துல வேணாம்," என்றார். "பங்களாவுல வெச்சிக்குவோம்."

தோட்டத்துப் பழைய துரை பங்களா இப்போது வெளிநாட்டுக்காரர் தங்கும் ஹோட்டல். வராந்தாவில் ஐந்து பேருக்குத் தேத்தண்ணியும் கேக்கும் பதிவு செய்தார். அதோடு நின்றிருந்தால் பிழை இல்லை. தம்புள்ளைப் பக்கம் உல்லாசப் பயணிகளுக்குக் குதிரை வாடகைக்கு விடும் ரமேஸ் என்பவரைத் தேடிப் பிடித்து, ஒரு வெள்ளைக் குதிரையைச் சின்ன லொறியில் ஏற்றி வரச் சொன்னார்.

"எதுக்குடா?" என்றாள் புஷ்பவதி. "பொண்ணு பாக்கப் போறியா, படமெடுக்கப் போறியா?"

"நான் யாருன்னு அவங்க பாக்க வேணாமா அக்கா."

"பாத்துக்குவாங்க. வேன்ல போனாலும் பாத்துக்குவாங்க."

"வேன்ல யாரும்தான் போவான்."

அந்த ஞாயிறு பின்னேரம் பங்களா கேட்டுக்கு அரை மைல் முன்னாலேயே குதிரை இறக்கப்பட்டது. ரமேஸ் வழக்கம்போலக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கூட நடக்கப் பார்த்தார். ஜீவராஜ் தடுத்துவிட்டார். "நீங்க வரவேணாம். லொறியிலேயே இருங்க. ஆள் கூட வந்தா வாடகைக் குதிரைன்னு தெரிஞ்சிரும்."

"புதுக் குதிரை சேர், பழக்கமில்லாத எடம்."

"எனக்கா பழக்கம் இல்ல?" என்று சப்பாத்தைத் தட்டிக் காட்டினார். ரமேஸ் லொறியில் ஏறிக் கண்ணாடியை உயர்த்திவிட்டுத் தூங்கிப்போனார்.

வராந்தாவில் எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பிரம்பு நாற்காலியின் விளிம்பில் புஷ்பவதி. அதில் முழுதாகச் சாய இன்னும் தைரியம் வரவில்லை. பக்கத்தில் மாடசாமி, கேக்கை மட்டும் பார்த்துக்கொண்டு. எதிரே அழகமுத்துவும் ரஜிதாவும். பழங்காலத்தை விற்பதுதான் அந்த ஹோட்டலின் தொழில் என்பதால், பரிமாறும் பையன்களுக்குக் காக்கிக் காற்சட்டை, முழங்கால் வரை காலுறை, துரைமார் தொப்பி. ஜீவராஜ் கெய்ரோவில் தைத்த இறுக்கமான காற்சட்டையும் தொப்பியும் சப்பாத்துமாகப் புல்வெளியில் ஏறி வந்தபோது, அந்தப் பையன்களின் மேஸ்திரி மாதிரி இருந்தார். அவருக்கு அது தெரியவில்லை.

நன்றாகத்தான் வந்தார். அதைச் சொல்லியாக வேண்டும். படிக்கட்டடியில் குதிரையை நிறுத்தி, ஒரே வீச்சில் இறங்கி, கடிவாளத்தைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அதை வாங்கிப் பிடித்துக்கொள்ள ஆள் இருந்தால்தானே வராந்தாவுக்கு ஏறி உட்காரலாம். அதனால் புல்வெளியில் நின்றபடியே பெண் பார்க்க வேண்டியதாயிற்று.

"குதிரை நல்லா இருக்கு," என்றார் அழகமுத்து. கடைக்கு வந்த சாமானை நிறுத்துப் பார்க்கும் குரல். "கெய்ரோவுல இருக்கிறது இதவிடப் பெருசுங்களா?"

"அது வேற ஜாதிங்க. இது சும்மா, கைப்பழக்கம் விட்டுப்போகக் கூடாதுன்னு."

ரஜிதா குதிரையைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள். "நான் ஒண்ணு கேக்கலாங்களா? அந்த ஊரு சனம், பாஷை எதுவும் எனக்குத் தெரியாது. ரோட்டுலயோ ஒஃபிஸ்லயோ எனக்கு ஒண்ணுன்னா நீங்கதான் வாயத் தொறந்து பேசணும். பேசுவீங்களா?"

"நான் பேசாமயா? அங்க நான் பேசினா மத்தவன் வாய மூடிக்குவான்."

அவள் முகத்தில் கொஞ்சம் இளக்கம் தெரிந்தது. புஷ்பவதி முதன்முறையாக நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்தாள். அறுபது வயதிருக்கும், கழுத்தில் கெமரா, முகமெல்லாம் சந்தோஷம். நேரே படியிறங்கி ஜீவராஜிடம் வந்து, ஒரு சுற்றுக்கு எவ்வளவு என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கேட்டதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஹோட்டல் புல்வெளி, குதிரை, அதன் தலையைப் பிடித்துக்கொண்டு தொப்பியோடு ஓர் ஆள். வேறென்ன நினைப்பாள்.

அழகமுத்து கோப்பையைக் கீழே வைத்தார். "என்ன புள்ள இது?" என்று மகளிடம் மெல்லக் கேட்டார்.

"இருங்கப்பா," என்றாள் ரஜிதா. "இல்லைன்னு சொல்லுவாரு."

சொல்ல வேண்டியது ஒரு வரிதான். 'மேடம், நானும் இங்கே விருந்தாளி.' அதற்கான ஆங்கிலம் ஜீவராஜிடம் இருந்தது. அது நெஞ்சிலிருந்து புறப்பட்டுத் தொண்டைவரை வந்ததையும் அவர் உணர்ந்தார். நாளைக்கு மடுவத்தில் இதை எப்படிச் சொல்வது, இந்த வெள்ளைக்காரி கோபித்துக்கொண்டால் என்ன, ஹோட்டல்காரன் வந்து குதிரை யாருடையது என்று கேட்டால் என்ன என்று எல்லாம் ஒன்றாகச் சுழன்றன. பெண்மணி சிரித்தபடி காத்திருந்தாள். அவர் வாயைத் திறந்தார்.

"யெஸ் மேடம்," என்றார்.

ஏறுவதற்கு உயரம் போதவில்லை என்று அவள் சொன்னதும், ஒரு முழங்காலைப் புல்லில் ஊன்றி, இரண்டு கை விரல்களையும் கோத்து, அவளுடைய சப்பாத்துக்கு ஏந்திக் கொடுத்தார். புஷ்பவதி எழுந்து, "டேய் தம்பி," என்றாள். மாடசாமியிடம் எப்போதும் ஒரு பகிடி இருக்கும். அவர் கேக்கைக்கூட விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். ரஜிதா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முதல் சுற்று நடையிலேயே முடிந்தது. வராந்தாவைக் கடக்கும்போது மேலிருந்து பெண்மணி குனிந்து, இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகலாமா என்று கேட்டாள். ஜீவராஜ் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கடிவாளத்தைப் பிடித்தபடி குதிரைக்குப் பக்கத்தில் ஓடத் தொடங்கினார்.