சித்தியின் வகுப்பில் ஒரு நாள் அமைதி

பிள்ளைகளே, நான் பள்ளியில் மானிட்டராக இருந்தவன் என்று உங்களிடம் எத்தனையோ தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பதவியை வைத்து நான் செய்த ஒரு காரியத்தை மட்டும் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் சிங்கப்பூரில், ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். இரண்டு சந்து தள்ளித் தமிழ்ப் பள்ளி. மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில், ஒரே வாத்தியாரிடம். அவர் ஒரு பக்கம் பாடம் நடத்தினால் மறுபக்கம் மானிட்டர் ஆட்சி. வாய் திறந்தவன் பெயரை நான் கரும்பலகையில் எழுதுவேன். பெயர் இருந்தால் பிரம்படி நிச்சயம்.

அந்த வாத்தியார் ஊருக்குக் கப்பல் ஏறியதும் தற்காலிக ஆசிரியையாக வந்தவர் என் சித்தி. அம்மாவின் தங்கை; எங்களோடுதான் இருந்தார். வேலை நிரந்தரமாக வேண்டுமானால், கல்வி இலாகா அதிகாரி ஒருவர் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு நல்லதாக நாலு வரி எழுத வேண்டும். அதற்காகச் சித்தி அடுப்பில் சோறு கொதிக்கும்போதுகூடப் பாடக் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார்.

வந்த முதல் நாளே என் பட்டியலை அழித்துவிட்டார். இனிமேல் பெஞ்சுக்கு ஒரு தலைவன், வாரத்துக்கு ஒருவன்.

"உங்க பெஞ்சுல ஒருத்தனுக்குப் பாடம் புரியலைன்னா அவனைக் கேக்க மாட்டேன். தலைவனைத்தான் கேப்பேன்" என்றார்.

எங்கள் பெஞ்சுக்கு முதல் தலைவன் ராசு. பால்காரர் மகன். வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டுத் தாமதமாக வருவான். என் பட்டியலில் எப்போதும் முதல் பெயர் அவனுடையதுதான்.

"என்னலா பழைய மானிட்டர், எட்டேழு எவ்வளவு? தெரியலைன்னா சொல்லு, உன்னால நான் மாட்டிக்குவேன்" என்றான். பெஞ்சே சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

வகுப்பில் சத்தம் பெருகியது. ஒருவனுக்கு ஒருவன் சொல்லிக் கொடுக்கிற சத்தம் என்று இப்போது சொல்லத் தெரிகிறது. தலைமையாசிரியரான பெரிய வாத்தியார் ஒரு நாள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "என்னம்மா, தேக்கா மார்க்கெட்டை இங்க கொண்டாந்துட்டீங்களா?" என்றார்.

"வியாபாரம் நல்லா நடக்குது சார்" என்றார் சித்தி.

பெரிய வாத்தியார் சிரிக்கவில்லை. சித்திக்கு வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. பழைய பதவியின் மேல் இருந்த ஆசையும் அந்தப் பயத்தோடு சேர்ந்துகொண்டது; அதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது.

அதிகாரி வருகிற நாள் காலை. சித்தி கையெழுத்துப் போட அலுவலக அறைக்குப் போயிருந்தார். நான் கரும்பலகை முன் போய் நின்றேன்.

"இன்னிக்கு எவனாச்சும் வாயைத் தொறந்தா பேரை எழுதிப் பெரிய வாத்தியார்கிட்டக் கொடுப்பேன். எங்க சித்திதான் சொல்லச் சொன்னாங்க."

கடைசியாகச் சொன்னது பொய்.

"டீச்சரா சொன்னாங்க?" என்று ராசு கேட்டான்.

"ஆமாலா."

அவன் முகம் சுருங்கிவிட்டது.

அதிகாரி வந்து பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மழை எப்படி வருகிறது என்று சித்தி கேட்டார். முந்தின நாள் போட்டி போட்டுக்கொண்டு அத்தனை பேரும் சொன்ன பதில்தான். ஒரு கைகூட எழவில்லை. வேறு விதமாகக் கேட்டார். எல்லாரும் கைகட்டி, வாய்மூடி, பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தி சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் ராசு பாதி எழுந்தான். என்னைப் பார்த்தான். நான் கையிலிருந்த சாக்பீஸை உயர்த்திக் காட்டினேன். உட்கார்ந்துவிட்டான்.

"என்னப்பா சொல்ல வந்தே?" என்றார் அதிகாரி.

"ஒண்ணுமில்லைங்க சார்."

அவர் தாளில் ஏதோ எழுதினார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நானே வாயைக் கொடுத்தேன். "பாத்தீங்களா சித்தி, ஒருத்தனும் மூச்சு விடலை. நான்தான் மிரட்டி வச்சேன்."

சித்தி நின்றுவிட்டார். "நான் சொன்னதாவா சொன்னே?"

தலையாட்டினேன். சித்தி என் கையைப் பிடித்துச் சாலையைக் கடத்திவிட்டார். அவர் கை சில்லென்று இருந்தது.

மாதக் கடைசியில் கல்வி இலாகாவிலிருந்து, வேலை இல்லை என்று கடிதம் வந்தது. சித்தி அதன் பிறகு எந்தப் பள்ளி வாசலையும் மிதிக்கவில்லை. தேக்காவில் ஒரு தையற்கடையில் பொத்தான் தைத்தார். பின்னாளில் ஜூரோங் கப்பல் பட்டறையில் என்னைப் பத்து ஆளை மேய்க்கிற மண்டோராக, அதாவது மேஸ்திரியாகப் போட்டார்கள். ஒரு நாள் நான் எதையோ கேட்க, பத்துப் பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் எனக்கு அந்த வகுப்பறை ஞாபகம் வந்தது. மன்னிப்புக் கேட்கச் சித்தி உயிரோடு இல்லை.

அந்தக் கடிதம் வந்த அன்று அதை அப்பாதான் படித்தார். "பிள்ளைங்களை மிரட்டி வச்சிருக்கியாமே? உன்னைப் பாத்தா யாரும்மா பயப்படுவா? என்ன நடந்துச்சு?" என்று கேட்டார்.

சித்தி என் பக்கம் திரும்பவே இல்லை. "புது ஆளைப் பாத்துப் பிள்ளைங்க கூச்சப்பட்டுட்டாங்க அத்தான்" என்றார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்றால் அது வாத்தியாருக்கு நல்ல பேர்தானே, வேலை வேறு எதனாலோ போயிருக்கிறது என்று நினைத்தேன். அவ்வளவு பேரையும் அடக்கிக் காட்டியவன் நான். என் பெயரை ஒரு வார்த்தை சொன்னாரா என்று அன்று முழுவதும் சித்தியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.