கரடி ஒருமுறை வாங்கச் சொன்னான்

வகுப்பில் பதினான்கு பேர். சுவரில் ஒரு பெரிய திரை, அதில் ஓயாமல் மாறும் விலைகள். விளையாட்டுப் பணம் இல்லை. பழைய மாணவர்கள் சேர்ந்து பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த நிஜப் பணம். எந்தப் பங்கை வாங்குவது, எதை விற்பது என்பதை மாணவர்களே கைதூக்கி முடிவு செய்வார்கள். பேராசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். வாயைத் திறந்தால் அது தன் முடிவாகிவிடும் என்று திறக்கவே மாட்டார்.

அந்த வகுப்பில் ஒருவனுக்குக் கரடி என்று பெயர். விலைகள் சரிந்துகொண்டே போவதைக் கரடிச் சந்தை என்பார்கள். யார் எந்த நிறுவனத்தைக் கொண்டுவந்தாலும் அதில் ஓட்டை கண்டுபிடித்து, "வேண்டாம்" என்பான் இவன். "புது வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாலும் எங்க ஒழுகுதுன்னுதான் பாப்பான்" என்று சிரிப்பார்கள்.

அவன் லிப்ட் பழுது பார்ப்பவரின் மகன். அப்பாவுக்குத் தோள்பட்டை விலகியதிலிருந்து வேலை பாதி, சம்பளமும் பாதி. பங்குகளில் ஆண்டு முடிவில் நிற்கும் லாபத்திலிருந்து ஒரு மாணவருக்குக் கடைசி ஆண்டுக் கட்டணம் கட்டுவார்கள். யாருக்கு என்பது பேராசிரியைக்கும் அந்த மாணவருக்கும் மட்டும் தெரியும். ஏழைப் பிள்ளை கூசக் கூடாது என்று யாரோ நல்ல மனதோடு வைத்த விதி. இந்த ஆண்டு அது கரடிக்கு.

லாபம் கட்டணத்துக்குக் கொஞ்சம் எட்டவில்லை. மூன்று வாரம் படித்து ஓர் அறிக்கை எழுதிக்கொண்டு, குளிர்பதனக் கிடங்குகள் நடத்தும் ஒரு நிறுவனத்தோடு வந்து நின்றான்.

"வாங்கலாம்."

வகுப்பில் ஒரே கூச்சல். "கரடியே வாங்கச் சொல்லுதுடா! இதுக்கு மேல என்ன வேணும்?"

பதினான்கு கைகளும் எழுந்தன. அவன் கேட்டதைப்போல் இரண்டு மடங்கு வாங்கினார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஓட்டை தேடுவது எப்போதும் அவன் வேலை. அன்று அந்த வேலைக்கு ஆள் இல்லை.

ஆறு வாரத்தில் அந்த நிறுவனத்தின் பெரிய வாடிக்கையாளர் கழன்றுகொண்டார். இரண்டே நாளில் பங்கு விலையில் கால்வாசி போயிற்று. கரடி எல்லோரையும் கூட்டினான்.

"வித்துடலாம். இப்ப வித்தா மிச்ச லாபமாவது நிக்கும்."

வங்கிப் பங்குகளைப் பார்த்துக்கொள்பவள், அதனாலேயே பேங்க்காரி என்று பெயர் வாங்கியவள், அவனுடைய அறிக்கையையே தூக்கிக் காட்டினாள். "மூணு வருஷம் வச்சிருக்கணும்னு நீதானே எழுதியிருக்க? விழுந்தவுடனே ஓடுறதுக்கா இவ்ளோ படிச்சோம்?"

"எழுதினது தப்பு. வருஷம் முடிய ஒரு மாசம்தான் இருக்கு."

"முடிஞ்சா முடியட்டுமே. உன் வீட்டுச் சொத்தா போகுது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் வாயைத் திறந்தான். கண் தானாகக் கடைசி பெஞ்சுக்குப் போயிற்று. பேராசிரியை தன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"இல்ல... சும்மா சொன்னேன்."

விற்க ஐந்து கைகள். வைத்திருக்க ஒன்பது.

மறுநாள் வகுப்புக்கு வெளியே நடையில் பேராசிரியை அவனை நிறுத்தினார். "நான் பேசியிருக்கணும்பா."

"பேசியிருந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும் மேடம்."

"தெரிஞ்சா என்ன?"

அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றியது ஒன்றுதான்: இதை இவர் நேற்றே கேட்டிருக்கலாம்.

அந்தப் பங்கு மேலும் சரிந்து, ஆண்டு முடிவில் லாபம் என்று ஒன்றும் நிற்கவில்லை. வகுப்பின் ஆண்டறிக்கையில் நட்டத்தைப் பற்றிய பக்கத்தை அந்தப் பங்கைக் கொண்டுவந்தவனே எழுத வேண்டும். எழுதிக் கொடுத்தான். பேங்க்காரி படித்துவிட்டு, "செமையா எழுதியிருக்கடா, அடுத்த வருஷம் உன்னத்தான் தலைவராப் போடணும்" என்றாள். "பாக்கலாம்" என்றான்.

படிப்பை நிறுத்தும் படிவத்தில் காரணம் கேட்டிருந்தது. பேனாவோடு யோசித்தவனைப் பார்த்து அலுவலகத்து அம்மா, "சொந்தக் காரணம்னு போடுப்பா, எல்லாரும் அதான் போடுவாங்க" என்றார். போட்டான்.

அடுத்த வாரமே, அப்பாவால் தூக்க முடியாததையெல்லாம் தூக்க அவரோடு வேலைக்குப் போனான். நான்கு மாதம் கழித்து ஒரு காலை, லிப்ட் கூண்டின் மேல் நின்று கம்பிவடத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தபோது பையில் போன் விடாமல் அதிர்ந்தது. கை முழுக்கக் கிரீஸ். அப்பாதான் எடுத்துப் படித்தார்.

"உன் கிளாஸ் பசங்கடா. 'வாங்கின விலைக்கு மேல போயிருச்சு, கரடி ஜெயிச்சுட்டான்'னு போட்டிருக்காங்க. என்னடா அது?"

"ஒண்ணுமில்லப்பா. அந்த ஸ்பேனர எடுங்க."