பத்துப் பேரும் ஓர் அம்புக்குறியும்

மலைமேல் இருக்கிற எங்கள் புதூர்நாட்டில் பஸ்ஸை நம்பி யாரும் வேலைக்குக் கிளம்புவதில்லை, ஷேர் ஜீப்தான். அதற்கு ஊரறிந்த வழக்கம் ஒன்று உண்டு. பத்துப் பேர் சேர்ந்துவிட்டால் ஜீப் கிளம்பிவிடும்.

அன்றைக்குத் திருப்பத்தூரில், ஒரு கல்லூரியில் கணித விரிவுரையாளர் வேலைக்கு எனக்கு நேர்காணல். மூன்று வருடமாக விண்ணப்பம் போட்டதில் வந்த முதல் அழைப்பு. காலையில் எட்டிப் பார்த்தேன், ஜீப்பில் ஆறு பேர். எப்படியும் கிளம்பாது என்று தெம்பாக டீக்கடையில் இட்லி சாப்பிட உட்கார்ந்தேன். கை கழுவிவிட்டு வந்தால் ஜீப்பைக் காணோம்.

"இன்னாங்க, ஆறு பேரோடவே போய்ட்டாரா?" என்று டீக்கடைக்காரரிடம் எகிறினேன்.

"ஒரு பொண்ணுக்கு இடுப்பு வலிங்க, ஏத்திக்கினு போய்ட்டாரு. பத்து பேரு வர்ற வரைக்கும் காத்துக்கினா இருப்பாரு?"

டிரைவருக்குப் போன் போட்டேன், டவர் இல்லை. கோபம் அவரை விட்டு என்மேல் திரும்பியது. பத்துப் பேர் சேராவிட்டால் கிளம்பாது என்று யார் சொன்னது? நானாகச் சேர்த்துக்கொண்டது. அதுவும் தர்க்கவியலில் ஆய்வு செய்த நான்!

பலாப்பழம் ஏற்றிய மினி லாரியில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி நேரம் தாமதம். துறைத்தலைவர் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நேரத்துக்கு வரவே தெரியலை, நீங்க இன்னா சொல்லிக் குடுக்கப் போறீங்க?"

கெஞ்சுவது எனக்கு வராது. நேரே கரும்பலகைக்குப் போய் 'பத்துப் பேர் → கிளம்பும்' என்று எழுதினேன். அதன்கீழ் 'பத்துப் பேர் இல்லை → கிளம்பாது' என்று எழுதி, அதைக் குறுக்குக் கோடு போட்டு அடித்தேன். மேலே இருப்பதிலிருந்து கீழே இருப்பது வராது, வரும் என்று நினைத்து ஜீப்பை விட்டேன் என்றேன். அதோடு நிற்காமல் அம்புக்குறியின் கதைக்கும் போனேன். 'இது நடந்தால் அது நடக்கும்' என்கிற இதே உறவை முதலில் ஒரு தர்க்க அறிஞர் கிளைகிளையாகக் கோடு போட்டுக் காட்டினார், அச்சுக்கோப்பவர்கள் திண்டாடிப்போனார்கள். பிறகு குதிரை லாடம் மாதிரி ஒரு குறி வந்தது. அதற்கும் பின்னால்தான் அம்பு. அதைப் பார்த்தாலே எந்தப் பக்கம் போகலாம் என்று தெரிந்துவிடும்.

"இவ்ளோ தெரிஞ்சும் ஏமாந்துட்டீங்களே?"

"மனசுலயே போட்டுப் பார்த்தேங்க. எழுதிப் பார்த்திருந்தா ஏமாந்திருக்க மாட்டேன். குறியெல்லாம் அதுக்குத்தானே வந்தது?"

அவர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்க பசங்க எல்லாரும் பண்ற தப்புங்க இது. ஒருத்தரும் ஒத்துக்க மாட்டாங்க. திங்கக்கிழமை வந்து சேருங்க."

அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நான் தேறி வந்த பரீட்சைகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.